செத்தால் தீர்ந்ததா வழக்கு?

வாச்சாத்தி வழக்கில் எதிரிகள் 269 பேர். 2011 செப்டம்பர் 29ந் தேதி தர்மபுரி செஷன்ஸ் கோர்ட்டில் தீர்ப்பு வாசிக்கப்பட்டபோது தீர்ப்புக் கேட்க இருந்தவர்கள் 215 பேர்தான். மீதி 54 பேர் எங்கே? நிரபராதிகள் என்று விடுதலையானார்களா? இல்லை. ஊரை விட்டு ஓடினார்களா? அதுவும் இல்லை. செத்துப்போனார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளே என்று கோர்ட் சொல்லிவிட்டது. அதில் ஒருவர்கூடத் தப்பவில்லை. ஆனால் செத்த 54 பேர்? சட்டத்தின் ஏட்டில் இன்றைக்கும் அவர்கள் குற்றமற்ற உத்தமர்கள்!

இதை நாம் எடுத்துச் சொன்னால் சில கனவான்களுக்குக் கோபம் வருகிறது. "செத்தவனைப் பற்றி என்னய்யா பேச்சு? சுடுகாட்டுக்குப் போனவன் மீது வழக்குப் போடச் சொல்கிறீர்களா? எலும்பைக் கூண்டில் நிறுத்துவீர்களா? சாவோடு எல்லாக் கணக்கும் தீர்ந்தது, அதுதான் தமிழன் பண்பாடு" என்கிறார்கள். திருவண்ணாமலையில் மாதந்தவறாமல் பௌர்ணமிக்கு மலை சுற்றிவிட்டுப் போகிற பெரிய மனிதர்களும் இதைச் சொல்கிறார்கள்; பகுத்தறிவு பேசுகிறவர்களும் சொல்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் அபாரமான ஒற்றுமை!

சாவோடு கணக்குத் தீர்ந்ததாம். யாருடைய கணக்கு?

விவசாயத் தொழிலாளியின் தகப்பன் செத்தால் பதினாறாம் நாள் காரியத்துக்கு யார் முதலில் வருகிறார்? மாமன் மச்சானுக்கு முன்னால் வட்டிக்கடைக்காரர் வருகிறார். கையில் புரோநோட்டு. "உன் அப்பன் வாங்கினது, நீதான் கட்ட வேண்டும்" என்கிறார். எலும்பு ஆற்றில் கரைவதற்குள் செத்தவன் மீது விசாரணை நடந்து, தீர்ப்பாகி, மகன் தலையில் தண்டனையும் விழுந்துவிடுகிறது. அப்பன் பட்ட கடனுக்கு மகன் பண்ணையாளாகப் போனான். மகன் பட்டதற்குப் பேரன் போனான். 1976ல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமைத்தனம் என்றால் என்ன என்று விளக்கும்போது, வாரிசாக வந்து சேர்ந்த கடமையையும் ஒரு வகையாகக் குறித்து வைத்திருக்கிறது. சாவு ஏழையின் கடனை அழிப்பதில்லை என்பதற்கு இந்தியப் பார்லிமெண்டே சாட்சி! அன்றைக்கு எந்தப் பண்பாட்டுக் காவலராவது எழுந்து, "செத்தவனைச் சும்மா விடுங்கள்" என்று வட்டிக்கடைக்காரரின் கையைப் பிடித்தாரா?

வாச்சாத்தியைப் பார்ப்போம். நமது ஊரிலிருந்து தண்டராம்பட்டு, தானிப்பாடி வழியாக அரூர் போய், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிற சிற்றூர். மலைவாழ் மக்கள் வாழ்கிற இடம். 1992 ஜூன் 20ந் தேதி சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், ரெவின்யூ மூன்றும் சேர்ந்து ஊருக்குள் புகுந்தன. ஆண்கள் மலைக்கு ஓடினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் கிழவர்களையும் ஆலமரத்தடியில் குவித்து அடித்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கினார்கள். வீடுகளை உடைத்தார்கள், தானியத்தைக் கொட்டினார்கள், கிணற்றைக்கூட விட்டுவைக்கவில்லை. அடிபட்ட பெண்களையே கட்டை கடத்தியவர்கள் என்று வழக்குப் போட்டுச் சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று அன்றைய சர்க்கார் சாதித்தது.

மலைவாழ் மக்கள் சங்கமும் செங்கொடி இயக்கமும் விடவில்லை. தோழர் நல்லசிவன் சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1995ல்தான் சி.பி.ஐ. விசாரணைக்கு ஐகோர்ட் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் 16 வருஷம்! மொத்தம் 19 வருஷம். அந்த 19 வருஷமும் எதிரிகளில் பெரும்பாலோர் சம்பளம் வாங்கினார்கள், உத்தியோகத்தில் உயர்ந்தார்கள், பென்ஷனில் போனார்கள். அப்படி இருந்தே 54 பேர் வயதாகியும் நோயுற்றும் போய்ச் சேர்ந்தார்கள். வாய்தா மேல் வாய்தா வாங்கி வழக்கை இழுத்தவர்களுக்கு இது தெரியாதா? பணக்காரனுக்கும் அதிகாரிக்கும் வக்கீல் வைத்து இழுக்க முடியும். இழுக்க இழுக்க ஒரு நாள் எமன் வந்து விடுதலைத் தீர்ப்பு வாசித்துவிட்டுப் போவான். ஏழைச் சாட்சிக்கும் அதே எமன்தான் வருகிறான், ஆனால் அவன் சாட்சியத்தையும் சேர்த்துக் கொண்டுபோகிறான்.

போபாலிலும் இதே கதை. 1984 டிசம்பர் 2ந் தேதி இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். கம்பெனித் தலைவர் வாரன் ஆண்டர்சன் சில நாள் கழித்து வந்தார், கைதானார், அன்றே ஜாமீனில் வெளியே வந்தார், சர்க்கார் விமானத்திலேயே போபாலை விட்டுப் போனார். அதற்குப் பிறகு 30 வருஷம் இந்தியக் கோர்ட்டின் வாசற்படியை அவர் மிதிக்கவில்லை. 2014 செப்டம்பரில் அமெரிக்காவில் செத்தார். வழக்கும் அவரோடு படுத்தது. ஆலை முதலாளி செத்தால் ஆலை சாவதில்லை, பங்கு சாவதில்லை, லாபம் சாவதில்லை என்பது பஞ்சாலைத் தோழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவன் செய்த குற்றம் மட்டும் எப்படிச் சாகிறது?

சட்டம் என்ன சொல்கிறது? 1973ம் வருஷத்துக் குற்ற விசாரணைச் சட்டத்தில் 394வது பிரிவு என்று ஒன்று இருந்தது. 2024 ஜூலை முதல் அந்தச் சட்டம் போய்ப் புதுச் சட்டம் வந்தது. பெயர்தான் வாயில் நுழையாத பெயராக மாறியதே தவிர விதி மாறவில்லை. விடுதலையான ஒருவன் மீது சர்க்கார் அப்பீல் போட்டிருக்கும்போது அவன் செத்தால், அப்பீல் அதோடு அற்றுப்போகும். வக்கீல்கள் இதை 'அபேட்' என்பார்கள். சரி, தண்டனை பெற்ற ஒருவன் தானே அப்பீல் போட்டுவிட்டுச் செத்தால்? அங்கே சட்டத்துக்கு இரக்கம் சுரக்கிறது. அவன் பெண்டாட்டி, பிள்ளை, தாய் தகப்பன், உடன்பிறந்தார் யாராவது 30 நாளுக்குள் மனுப் போட்டு, கோர்ட் அனுமதி பெற்று, செத்தவன் பெயரால் அப்பீலை நடத்தலாம். அவன் மேல் விழுந்த கறையைத் துடைக்கலாம்.

இது நல்ல விதி. இதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். செத்தவன் கோர்ட்டுக்கு வர முடியாது, வாய் திறக்க முடியாது, ஆகவே அவன் விஷயத்தை விசாரிக்கவே முடியாது என்று சொன்னவர்கள் இங்கே எப்படி விசாரிக்கிறார்கள்? பிணத்தை நாற்காலியில் உட்கார வைத்தா? இல்லை. ஏட்டைப் பார்த்து, சாட்சியத்தைப் பார்த்து, வக்கீல் வாதத்தைக் கேட்டு விசாரிக்கிறார்கள். முடிகிறதல்லவா? செத்தவன் குற்றமற்றவன் என்று சொல்ல முடிகிற கோர்ட்டுக்கு, செத்தவன் குற்றவாளி என்று சொல்ல மட்டும் நாக்கு எழாதா? கொன்றவனின் குடும்பத்துக்கு 30 நாள் தவணை உண்டு. கொல்லப்பட்டவனின் குடும்பத்துக்கு ஒரு நாள்கூடக் கிடையாது.

இதை முழு வெளிச்சத்தில் பார்க்க வேண்டுமென்றால் முன்னாள் முதல் மந்திரி ஜெயலலிதாவின் சொத்துக் குவிப்பு வழக்கைப் பாருங்கள். 2014 செப்டம்பரில் பெங்களூர்த் தனிக் கோர்ட் நாலு வருஷச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. 2015 மே மாதம் கர்நாடக ஐகோர்ட் விடுதலை செய்தது. சுப்ரீம் கோர்ட்டில் அப்பீல் நடந்து தீர்ப்புக்காகக் காத்திருக்கையில் 2016 டிசம்பர் 5ந் தேதி அவர் இறந்தார். 2017 பிப்ரவரி 14ந் தேதி சுப்ரீம் கோர்ட் மற்ற மூவரும் குற்றவாளிகளே என்று சிறைக்கு அனுப்பியது. முதல் எதிரியைப் பொறுத்தவரை அப்பீல் அற்றுப்போனது என்றது. அந்த மூவரும் யாரோடு சேர்ந்து சதி செய்தார்கள்? காற்றோடா? தீர்ப்பைப் பிரித்தால் முதல் எதிரியின் வரவு, செலவு, சொத்து எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. குற்றவாளி என்ற ஒரு சொல் மட்டும் இல்லை. 100 கோடி அபராதத்தை வசூலிக்க வேண்டுமென்று கர்நாடக சர்க்கார் போட்ட மறுஆய்வு மனுவும் தள்ளப்பட்டது. 2021 ஜனவரி 27ந் தேதி ஒரு வேடிக்கை நடந்தது. அதே வழக்கில் தண்டனை பெற்ற சசிகலா பெங்களூரில் தண்டனை முடிந்து விடுதலையானார். அதே நாளில் சென்னைக் கடற்கரையில் ஜெயலலிதாவுக்குச் சர்க்கார் செலவில் கட்டிய நினைவு மண்டபம் திறக்கப்பட்டது!

ஒரு தனி ஆள் மீது வன்மம் கொண்டு நாம் இதைச் சொல்லவில்லை. இந்த வழக்கிலேயே இன்னொரு பாடமும் கிடக்கிறது. பறிமுதலான நகைகள் எங்களுக்குச் சேர வேண்டும் என்று வாரிசுகள் கேட்டார்கள். அப்பீல் அற்றுப்போனது என்றால் விடுதலை என்று அர்த்தமல்ல என்று சொல்லிக் கர்நாடக ஐகோர்ட் 2025 ஜனவரியில் அந்தக் கோரிக்கையைத் தள்ளியது. 27 கிலோவுக்கு மேற்பட்ட நகையும், ஆயிரத்தைந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தின் பத்திரங்களும் அடுத்த மாதமே தமிழ்நாட்டு சர்க்காரிடம் வந்து சேர்ந்தன. ஆக, செத்தவரின் பெட்டியை மனமிருந்தால் சட்டத்தால் திறக்க முடிகிறது. பழைய தண்டனைச் சட்டமே அபராதத்தைப் பற்றி அப்படித்தான் சொன்னது: குற்றவாளி செத்தாலும், அவன் கடனுக்குப் பொறுப்பான சொத்து அபராதத்துக்கும் பொறுப்பு. 1860ல் வெள்ளைக்காரன் எழுதி வைத்தது!

வெண்மணியை மறந்து இந்த விஷயத்தைப் பேச முடியாது. 1968 டிசம்பர் 25ந் தேதி இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைபட்டு 44 பேர் எரிந்து கரிக்கட்டையானார்கள். பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். கூலி கேட்டவர்களின் குடும்பங்கள். 1970ல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கும் இன்னும் சிலருக்கும் 10 வருஷத் தண்டனை கொடுத்தது. 1973ல் ஐகோர்ட் அத்தனை பேரையும் விடுவித்தது. பெரிய நிலச்சுவான்தார்கள், கார் வைத்திருக்கிறவர்கள், தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டம் என்ற தோரணையில் எழுதியது அந்தத் தீர்ப்பு. 1980ல் நாயுடு வெட்டிக் கொல்லப்பட்டார். கணக்குத் தீர்ந்தது என்று நம்மிலேயே சில தோழர்கள் பேசினார்கள். நாம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கொலை ஒரு நாளும் தீர்ப்பாகாது. 44 பேரை யார் கொன்றார்கள் என்ற கேள்விக்குச் சட்டத்தின் ஏட்டில் பதில் இல்லை. 1973ல் எழுதினது அப்படியே இருக்கிறது. நாயுடு உயிரோடிருந்து மீண்டும் கூண்டில் ஏறியிருக்க வேண்டும். அதுதான் நடக்கவில்லை. அவர் செத்த பிறகாவது அந்த ஏட்டைத் திறக்கச் சட்டத்தில் வழியிருந்திருக்க வேண்டும். அதுவும் இல்லை.

எதிர்த் தரப்பில் நியாயமான ஒரு பயமும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நம் வழக்கமல்ல. ஆள்கிறவர்கள் கையில் செத்தவன் மேல் வழக்குப் போடும் அதிகாரம் கிடைத்தால் என்ன நடக்கும்? சரித்திரத்தில் நடந்திருக்கிறது. 897ல் ரோமாபுரியில் போப் ஆறாம் ஸ்டீபன், தனக்கு முன்பிருந்த போப் ஃபார்மோசஸின் பிணத்தைத் தோண்டி எடுத்து, அங்கி போட்டு, நாற்காலியில் உட்கார வைத்துக் குற்றம் சாட்டினார். ஆசி வழங்கிய விரல்களை வெட்டினார்கள். பிணத்தை டைபர் ஆற்றில் எறிந்தார்கள். அதே வருஷம் ஸ்டீபனும் சிறையில் கழுத்து நெரிக்கப்பட்டுச் செத்தார். இங்கிலாந்தில் ராஜாவின் தலையைக் கொய்த குரோம்வெல் 1658ல் இறந்தார். ராஜ வம்சம் திரும்பி வந்ததும் 1661 ஜனவரியில் அவர் பிணத்தைத் தோண்டித் தூக்கில் மாட்டி, தலையை வெட்டிக் கழியில் செருகினார்கள். இதெல்லாம் விசாரணையா? பழிவாங்கும் கூத்து. பிணத்தை அவமதிக்கிற இந்தக் கூத்து நமக்கு வேண்டாம். எவன் எலும்பையும் தொட வேண்டாம். எவன் பிள்ளையையும் தகப்பன் பாவத்துக்காகச் சிறைக்கு அனுப்ப வேண்டாம்.

நாம் கேட்பது வேறு. வழக்குத் தொடங்கிய பிறகு எதிரி செத்தால், உண்மை என்ன என்று கண்டு எழுதுகிற வேலை நிற்கக் கூடாது. செத்தவனுக்காக அவன் குடும்பம் வக்கீல் வைக்கட்டும். முடியாவிட்டால் சர்க்கார் வைக்கட்டும். சாட்சியம் போதாதென்றால் குற்றம் நிரூபணமாகவில்லை என்று எழுதட்டும். நிரூபணமானால் அதைத் துணிந்து எழுதட்டும். நஷ்டஈடு அவன் விட்டுப்போன சொத்தளவுக்கு அதிலிருந்து வரட்டும். வாச்சாத்தி அப்பீல்களை 2023 செப்டம்பர் 29ந் தேதி தள்ளிய ஐகோர்ட், பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் கொடுக்கச் சொல்லி, அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கச் சொன்னது. அந்தப் பெண்களில் உயிரோடில்லாதவர்களின் குடும்பத்துக்கும் அது சேர வேண்டும் என்றது. பாதிக்கப்பட்டவள் செத்தாலும் அவள் உரிமை சாகவில்லை என்று கோர்ட்டே ஒப்புக்கொண்டுவிட்டது!

இனி மறு பக்கத்தைப் பார்ப்போம். செத்தவன் மேல் வழக்கே கிடையாது என்கிறார்களே, அது சுத்தப் பொய். ஏழைச் செத்தவன் மேல் வழக்கு இந்த நாட்டில் நாள்தோறும் நடக்கிறது.

2015 ஏப்ரல் 7ந் தேதி சேஷாசலக் காட்டில் ஆந்திரப் போலீசின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. செத்தவர்களில் பெரும்பாலோர் நமது மாவட்டத்துக்காரர்கள். ஜவ்வாது மலையிலிருந்தும் அதன் அடிவாரத்திலிருந்தும் போனவர்கள். மற்றவர்களில் வாச்சாத்திக்கு மேலே இருக்கிற அதே சித்தேரி மலைக்காரர்களும் இருந்தார்கள். மலையில் வேலை இல்லை. மானாவாரி நிலம் வயிற்றைக் கழுவாது. தரகன் முன்பணத்தோடு வருகிறான். மரம் வெட்டுகிறவனுக்குக் கிடைப்பது கூலி. அந்தக் கட்டை கடல் தாண்டிப் போய்க் கொட்டுகிற லட்சங்கள் யாருக்கு என்பது தரகனுக்கும் தெரியாது, அவனுக்கு மேலே இருப்பவனுக்குத்தான் தெரியும். அந்த மேலே இருப்பவன் மேல் ஒரு தோட்டா பாய்ந்ததில்லை.

சுட்டவர்கள் கொடுத்த முதல் புகாரில் யார் குற்றவாளி? செத்த 20 பேர்! கோடாலியாலும் கல்லாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். மோதல் சாவு என்று சொல்லப்படும் ஒவ்வொன்றிலும் இதுவே வழக்கம்: செத்தவன் மேல் கொலை முயற்சி வழக்கு, எதிரி இறந்துவிட்டதால் கோப்பு மூடப்பட்டது என்று ஒரு வரி. ஒரே வரியில் குற்றச்சாட்டு, விசாரணை, தீர்ப்பு மூன்றும் முடிந்தன. வக்கீல் உண்டா? சாட்சி உண்டா? 30 நாள் தவணை உண்டா? மோதல் சாவு எதுவானாலும் சுயேச்சையான விசாரணை வேண்டும் என்று 2014 செப்டம்பரில்தான் சுப்ரீம் கோர்ட் விதிகள் வகுத்துக் கொடுத்திருந்தது. ஏழு மாதம்கூட ஆகவில்லை, 20 பிணம்.

அப்போது நமது மாவட்டத்துப் பெண்ணொருத்தி, புருஷனைப் பறிகொடுத்தவள், சென்னை ஐகோர்ட்டுக்குப் போனாள். அடக்கம் செய்யாமல் உடல்களை வைத்திருக்கச் செய்தாள். ஆறு பேரின் உடல்கள் திருவண்ணாமலை சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காத்திருந்தன. ஹைதராபாத்திலிருந்து டாக்டர்கள் வந்து இரண்டாம் முறை பிரேதப் பரிசோதனை செய்தார்கள். உயிர் தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள். தன் கூட வந்தவர்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனதை ஒருவர் சொன்னார். பத்து வருஷம் தாண்டியும் சுட்டவர்களில் ஒருவருக்கும் தண்டனை இல்லை.

பண்பாடு, பண்பாடு என்று நெஞ்சில் அடித்துக்கொள்கிற கனவான்களைக் கேட்கிறோம்: கண்ணகி என்ன செய்தாள்? விசாரணையில்லாமல் கள்வன் என்று வெட்டப்பட்ட கோவலனின் வழக்கை, அவன் செத்த பிறகு, பாண்டியன் சபையில் திரும்ப எடுக்கச் சொல்லி நின்றாள். கையில் சாட்சிப் பொருளாக ஒற்றைச் சிலம்பு. செத்தவனைப் பற்றி இனி என்ன பேச்சு என்று பாண்டியன்கூடச் சொல்லவில்லை. சிலம்பை அவள் உடைத்துக் காட்டினாள், அவன் பார்த்தான். அவளுக்கு மதுரையில் ஒரே நாளில் கிடைத்த விசாரணை இந்த மலைக்காரப் பெண்களுக்குப் பத்து வருஷத்தில் கிடைக்கவில்லை.

திருச்சிப் பக்கம் விரகலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளுக்காக உழைத்த பாதிரியார் ஸ்டேன் சுவாமியின் கதியும் இதுதான். 2020 அக்டோபரில் கைது. கை நடுங்கும் நோய். தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் கேட்டதற்கே கோர்ட்டில் மனுப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5ந் தேதி 84 வயதில் பம்பாயில் இறந்தார். அவருடைய ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த அன்றைக்கே சாவுச் செய்தியும் ஐகோர்ட்டுக்கு வந்தது. அவர் மீது விசாரணை நடக்கவே இல்லை. பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவர் பெயரைத் துடைக்க அவருடைய சகாக்கள் ஐகோர்ட் படியேறினார்கள்.

சேஷாசலக் கோப்பை ஆந்திர சர்க்கார் திறக்க வேண்டும். அந்த 20 பேர் தாக்கினார்களா, இல்லையா என்பதைப் பகிரங்க விசாரணையில் வைக்க வேண்டும். சுட்டவர்கள் கூண்டில் ஏறிப் பதில் சொல்ல வேண்டும். அவர்களும் கிழடாகிச் சாகும் வரை இழுக்கலாம் என்று யாராவது எண்ணினால், வாச்சாத்தியின் 54 பேர் கணக்கு அவர்கள் தலையிலும் எழுதப்படும். தமிழ்நாட்டு சர்க்கார் இந்த வழக்கில் தானே கட்சிக்காரனாகச் சேர வேண்டும். ஜமுனாமரத்தூரிலும் போளூரிலும் படவேட்டிலும் இருக்கிற அந்தக் குடும்பங்களுக்கு வக்கீலையும் பிரயாணச் செலவையும் கொடுக்க வேண்டும். சாட்சி சொல்லத் துணிந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்கள் வாக்குமூலம் மாஜிஸ்ட்ரேட் முன் பதிவாக வேண்டும்.